உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாவு, பல முந்தானை

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருவில் நின்றுகொண்டு புற்றுநோயைப் பற்றிப் பேசினால் சிலருக்கு அபசகுனமாகப் படலாம். ஆனால் நூல், சாயம், வெட்டு, பிணைப்பு என்று நெசவாளி தினமும் புழங்கும் நாலு சொற்களை வைத்தே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் கதையைச் சொல்லிவிட முடியும். இதோ, துண்டு துண்டாக.

ஒரு மரம், நாலு சுவை

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு நான்கு கிளை. நான்கும் நான்கு வேதம். கிளைக்கு ஒரு சுவையாகக் காய்க்கும் என்பது காஞ்சி மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் இதே சங்கதி நடக்கிறது. ஒரு மரபணு, ஒரு புரதம் என்றுதான் ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். ஒரு மரபணு பல புரதங்களைத் தரும் என்பதுதான் நிஜம்.

புழுவுக்கும் நமக்கும் ஒரே கணக்கு

மனித மரபணுக்களை எண்ணி முடிப்பதற்கு முன்னால், ஒரு லட்சமாவது இருக்கும் என்று பல விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான். மண்ணில் நெளியும் ஒரு மில்லிமீட்டர் புழுவிடமும் ஏறக்குறைய அத்தனை இருக்கின்றன! இருப்பது எத்தனை என்பதில் நமக்குப் பெருமை இல்லை. இருப்பதை எப்படி வெட்டி, எப்படிப் பிணைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கோந்து போனால்தான் பட்டு

கச்சாப் பட்டு நூல் அப்படியே தறிக்குப் போகாது. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்து, நூலைச் சுற்றியுள்ள கோந்தை நீக்குவார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். பிறகுதான் மினுமினுப்பு வரும், சாயமும் ஏறும்.

மரபணுவிலும் கோந்து உண்டு. அதன் பெயர் இன்ட்ரான். வேலைக்கு ஆகும் பகுதிக்கு எக்ஸான் என்று பெயர். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுத்ததும், செல் இன்ட்ரான்களை வெட்டி வீசிவிட்டு எக்ஸான்களை மட்டும் வரிசையாகப் பிணைக்கிறது. பட்டில் கோந்து கால் பங்குதான். இங்கே பெரும்பங்கே கோந்து. தசைக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். வெட்டிப் பிணைத்த பின் மிஞ்சுவது சுமார் 14,000.

ஜலதோஷ வைரஸ் காட்டிக்கொடுத்தது

இந்த வெட்டும் பிணைப்பும் 1977 வரை யாருக்கும் தெரியாது. சளி, ஜலதோஷம் உண்டாக்கும் அடினோவைரஸை ஆராய்ந்த பிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் அமெரிக்காவில் தனித்தனியாக அதே ஆண்டில் இதைக் கண்டன. மறு ஆண்டு வால்டர் கில்பர்ட் எக்ஸான், இன்ட்ரான் என்று பெயர் வைத்தார். ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993-ல் நோபல் பரிசு.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. எல்லா எக்ஸான்களையும் எப்போதும் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் செல்லுக்கு இல்லை. கல்லீரல் செல் மூன்றாவது துண்டை விட்டுவிடலாம். மூளைச் செல் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பாவில் வாடிக்கையாளர் கேட்டபடி ஒரு சேலைக்கு மயில் முந்தானை, அடுத்ததற்கு மாங்காய் முந்தானை போடுவதைப் போல. இதற்குப் பெயர் ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங். நாம் ‘மாற்றுப் பிணைப்பு’ என்று வைத்துக்கொள்வோம். பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகப் பிணைக்கப்படுகின்றன.

சாதனை ஈயிடம்

வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயிடம் டிஸ்காம் என்றொரு மரபணு உண்டு. அந்த ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் பிணைத்தால் 38,016 வகைப் புரதம் செய்யலாம். ஈயின் மொத்த மரபணுக்களையும் எண்ணினால்கூட அதில் பாதி தேறாது!

செல்லுக்குள் ஒரு தறிக்காரர்

பாவு தீர்ந்ததும் நெசவாளி என்ன செய்வார்? பழைய இழைகளின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றோடு ஒன்று விரலால் முறுக்கிப் பிணைப்பார். இழை மாறிப் பிணைத்தால் தவறு அங்கேயே நிற்காது. கீழே நெய்யும் முழம் முழுக்கத் தெரியும்.

செல்லில் இந்த வேலையைச் செய்வது ஸ்ப்ளைசியோசோம். ஐந்து சிறிய ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் கூடிச் செய்யும் கூட்டு வேலை அது. எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளம் உண்டு: பெரும்பாலான இன்ட்ரான்கள் ஜி-யு என்ற எழுத்துகளில் தொடங்கி ஏ-ஜி என்ற எழுத்துகளில் முடியும்.

நூல் சரி, பிணைப்பு தவறு

அடையாளம் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற ரத்தசோகைக்கு மிகப் பொதுவான காரணம், ஹீமோகுளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து ஜி-க்குப் பதில் சி-யாக இருப்பதுதான். அந்த எழுத்து புரதத்தில் இடம்பெறப் போவதே இல்லை. வெட்டி எறியும் கோந்தில் கிடக்கிறது. ஆனாலும் அது மாறியதால் வெட்டும் இடம் குழம்பி, ரத்தமே குறைபட்டுப் போகிறது.

நச்சு காத்திருக்கும் அறை

சிறுநீர்ப்பைக்குப் புற்றுநோய் வருவானேன்? அது ஒரு சேமிப்புத் தொட்டி. ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடித்த நச்சுகள் அதில் மணிக்கணக்கில் தங்குகின்றன. தொட்டியின் உட்சுவர் அத்தனை நேரமும் அதில் ஊறுகிறது. சாயத் தொட்டியில் ஊறும் நூலுக்கு நிறம் ஏறுவதைப் போல, அந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் கறை ஏறுகிறது. உலகில் 2022-ல் சுமார் 6 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது; நால்வரில் மூவர் ஆண்கள்.

முதல் செயற்கைச் சாயம் ஏறியது பட்டில்

1856. லண்டன். மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த 18 வயது வில்லியம் பெர்கினுக்குக் குடுவையில் மிஞ்சியது ஒரு கறுப்புக் கசடு. அதைச் சாராயத்தில் கரைத்தால் ஊதா நிறம்! துண்டுப் பட்டு ஒன்றில் ஏற்றிப் பார்த்தார், சாயம் பிடித்துக்கொண்டது. அவுரி, மஞ்சிட்டி, கொம்பரக்கு என்று செடியையும் பூச்சியையும் நம்பியிருந்த சாயத் தொழில், தாரிலிருந்து எடுக்கும் அனிலினுக்கு மாறியது இப்படித்தான்.

வாடாமல்லி நிறத்துக்குப் பின்னால்

ஃபிராங்ஃபர்ட் நகர அறுவைமருத்துவர் லூட்விக் ரேன் 1895-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஃபுக்சின் என்ற சாயம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருகிறது. ஃபுக்சின் நம் வாடாமல்லிக்கு அக்கா தங்கை உறவுள்ள நிறம். தொழிலுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதலில் சொன்னவர் இவரே. மறு ஆண்டே, குத்துப்பட்ட இதயத்தைத் தையல் போட்டு நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் மருத்துவர் என்ற பெயரும் இவருக்குத்தான் கிடைத்தது.

நாக்கில் தொட்ட தூரிகை

ஜப்பானின் பட்டு நகரம் கியோட்டோ. அங்கும் கோயில்கள், அங்கும் தறிகள். கிமோனோப் பட்டில் படம் தீட்டும் கைவினைஞர்களில் சிலருக்குத் தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தது. அவர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தென்படுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் எழுதினார்கள். சாயத்தில் பென்சிடின் என்ற ரசாயனம் இருந்தது. வாய்வழி போன சாயத்தை உடம்பு உடைத்து, பென்சிடினை மீண்டும் பிரித்தெடுத்துச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பிவைத்தது. தொழில் நேர்த்திக்காகச் செய்த காரியமே வினையாகிவிட்டது.

அகமதாபாத் சாட்சி

இந்தியாவிலும் ஆதாரம் உண்டு. அகமதாபாத்தில் பென்சிடினோடும் அதிலிருந்து செய்யும் சாயங்களோடும் புழங்கிய 33 தொழிலாளர்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களை, அங்குள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பென்சிடின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருப்பதை அந்தச் செல்களிலேயே கண்டு 1996-ல் வெளியிட்டார்கள்.

தடைப் பட்டியலில் 112

1990களில் மத்திய அரசு பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களைத் தடை செய்தது. 1997 மார்ச்சில் மேலும் 70 அசோ சாயங்கள் பட்டியலில் சேர்ந்தன. ஆக மொத்தம் 112. ஜெர்மனி 1994-ல் இத்தகைய சாயம் ஏற்றிய துணிகளுக்குக் கதவை மூடியது நம் ஏற்றுமதியாளர்களுக்குக் கிடைத்த கசப்பு மருந்து. ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம்: இந்தக் கதையில் ஆபத்து சேலை உடுத்துபவருக்கு அல்ல, தடைசெய்த சாயப் பொடியை மூச்சிலும் கையிலும் வருடக்கணக்கில் சுமப்பவருக்கு.

சாயப்பட்டறைக்குப் போகாதவரும் தப்ப முடியாது

பென்சிடின் வகையறாவுக்கு அரோமாட்டிக் அமீன் என்று குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தின் இரு உறுப்பினர்கள், 4-அமினோபைஃபினைலும் 2-நாஃப்தைலமீனும், சிகரெட் புகையிலும் இருக்கிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப்பழக்கமே பொறுப்பு என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. டீக்கடை வாசலில் புகைப்பவர், தனக்குத் தெரியாமலேயே ஒரு பழைய சாய ஆலைக்குள் நிற்கிறார்.

ஒரே உடல், ஒன்பது முந்தானை

சரி, சாயத்துக்கும் மாற்றுப் பிணைப்புக்கும் என்ன சம்பந்தம்? பேட்னி முந்தானையை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் பாவு இழைகளோடு வேறு நிறப் பாவு இழைகளை ஒவ்வொன்றாக இணைத்து முந்தானை நெய்வார்கள். யு.ஜி.டி.1ஏ என்ற நம் மரபணுத் தொகுதியும் அதே பாணிதான். இரண்டு முதல் ஐந்து வரையுள்ள எக்ஸான்கள் எல்லா வகைக்கும் பொது உடல். முன்னால் சேர்க்கும் முதல் எக்ஸான் மட்டும் மாறும். அப்படி ஒன்பது வகை நொதிகள் கிடைக்கின்றன. இவற்றின் வேலை, அரோமாட்டிக் அமீன் போன்ற நச்சுகளைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புவது.

2012-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 4,035 சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளையும் நோயற்ற 5,284 பேரையும் ஒப்பிட்டார்கள். யு.ஜி.டி.1ஏ6 பகுதியில் ஓர் எழுத்து மாற்றம் நோயாளிகளிடம் 1.4 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 2.5 சதவீதமாகவும் இருந்தது. அதாவது அது காக்கும் எழுத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்து மாறினாலும் புரதத்தில் ஓர் அணுகூட மாறாது. மாறுவது, சரியாகப் பிணைக்கப்பட்ட நகல் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான். பொருள் மாறாத எழுத்துப்பிழை ஒன்று உயிரைக் காக்கிறது!

கரைந்துபோன காவல்காரன்

செல்லின் மேல் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்றொரு கொக்கி உண்டு. ‘வளர்’ என்று வரும் கட்டளையை அது பிடித்து உள்ளே சொல்லும். ஆரோக்கியமான சிறுநீர்ப்பைச் செல், இதே மரபணுவிலிருந்து 8 முதல் 10 வரையுள்ள எக்ஸான்களை விட்டுவிட்டு இன்னொரு வடிவத்தையும் பிணைக்கிறது. சவ்வில் ஊன்றிக்கொள்ளும் பகுதி இல்லாததால் இந்தக் கொக்கி வெளியே மிதக்கும். வரும் கட்டளைகளை வழியிலேயே மடக்கிவிடும். ஒரே மரபணுவிலிருந்து வேகமும் பிரேக்கும்! புற்றுநோய்ச் செல்களில் இந்தப் பிரேக் வடிவம் குறைந்துவிடுவதை இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள்.

ஒன்று இருந்தால் மற்றது இல்லை

அதன் உடன்பிறப்பான எஃப்.ஜி.எஃப்.ஆர்.2-ல் இரண்டு எக்ஸான்களில் ஏதேனும் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது விதி. உறுப்பின் உட்சுவரில் வாழும் செல்கள் ‘பி’ வடிவத்தையும் அடித்தளத் திசுச் செல்கள் ‘சி’ வடிவத்தையும் வைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ‘பி’ வடிவம் குறைந்தால் நோய் முற்றும் போக்கு தெரிகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1997-ல் எழுதினார்கள். சுவரோடு ஒட்டி இருக்க வேண்டிய செல், இடம் பெயரக் கிளம்பியதன் அடையாளம் அது.

துண்டு கூடினால் ஊர் சுற்றும்

சி.டி.44 என்ற மரபணுவின் இரு ஓரத்து எக்ஸான்கள் எப்போதும் பிணைப்பில் இருக்கும். நடுவில் உள்ளவை விருப்பம்போல். 1991-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை: ஓரிடத்திலேயே கிடந்த எலிக் கட்டிச் செல்களுக்கு நடுத்துண்டு சேர்ந்த வடிவத்தைக் கொடுத்தார்கள். அவை உடம்பெங்கும் பரவத் தொடங்கின. மூன்று ஆண்டுகளில், சிறுநீரில் உதிரும் செல்களில் இந்த மரபணுவின் தாறுமாறான பிணைப்பைத் தேடிச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டறிய முயன்றார்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். வழக்கமான பரிசோதனையாக அது வளரவில்லை. ஆனால் ஊசி, கத்தி இல்லாமல் சிறுநீரிலேயே நோயின் கையெழுத்தைப் படிக்கலாம் என்ற எண்ணம் அன்று முளைத்து இன்றும் வளர்கிறது.

காவலே களவாடினால்

வைரஸின் மரபணுவைக் கிறுக்கி அழிக்க நம் செல்லில் அபோபெக் என்ற நொதிகள் உண்டு. 412 சிறுநீர்ப்பைக் கட்டிகளை அலசிய 2017 அமெரிக்க ஆய்வில், மரபணு மாற்றங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த நொதியின் கிறுக்கல் பாணியில் இருந்தன. வைரஸுக்கு வைத்த பேனா வீட்டுச் சுவரிலேயே எழுதிவிட்டது. அபோபெக்3பி-யில் ஓர் எக்ஸானைத் தாண்டிப் பிணைத்தால் அந்தக் கிறுக்கும் சக்தி போய்விடுகிறது என்று 2021-ல் ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். தவறான பிணைப்பு நோய் தரும் என்றால், வேண்டுமென்றே மாற்றிய பிணைப்பு மருந்தாகவும் ஆகலாம்.

பிணைப்பைத் திருத்த முடியுமா?

முடியும் என்று வேறொரு நோய் நிரூபித்துவிட்டது. குழந்தைகளின் தசையை முடக்கும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன், விட்டுப்போகும் ஏழாவது எக்ஸானைச் சேர்த்துப் பிணைக்கவைக்கும் மருந்து. சிறுநீர்ப்பைக்கு இப்படியொரு மருந்து இன்னும் ஆய்வுக்கூட வாசலைத் தாண்டவில்லை. ஆனால் எஃப்.ஜி.எஃப்.ஆர். கொக்கி கெட்டுப்போன முற்றிய நோய்க்கு, அந்தக் கொக்கியையே அடைக்கும் எர்டாஃபிடினிப் மாத்திரை 2019 ஏப்ரலில் அங்கே அனுமதி பெற்றது.

செங்கல்பட்டில் தோற்றது, சிறுநீர்ப்பையில் ஜெயித்தது

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்தது எங்கே தெரியுமா? அப்போது காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், 1968-ல் தொடங்கி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே அதிரவைத்தது.

அதே பி.சி.ஜி.யைக் கனடா மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார். ஒன்பது நோயாளிகளின் முடிவை 1976-ல் வெளியிட்டார். மேலோட்டமான கட்டிகள் திரும்பி வருவது குறைந்தது. தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பு சக்தியைத் தடுப்பூசியில் உள்ள கிருமி தட்டி எழுப்பியதே காரணம். வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது? மருந்து ஆறு ஆறு குப்பியாக வந்தது, அவ்வளவுதான்! இன்றும் உலகெங்கும் தொடக்கச் சிகிச்சை அந்த ஆறு வாரமே.

காரைப்பேட்டை

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, முதலமைச்சராக இருக்கும்போதே 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால் மறைந்தார். ஊரை ஒட்டிய காரைப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் அந்த ஆண்டில் பிறந்ததுதான்.

கடைசியாக, நிறம் பார்க்கத் தெரிந்த ஊருக்கு ஒரு வார்த்தை

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி, பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் தெரியும் ரத்தம். ஒரு நாள் வரும், மறுநாள் தெளிந்துவிடும். நம் வீடுகளில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: “உடம்புச் சூடு, ரெண்டு இளநீர் குடி, சரியாயிடும்.” சரியானது போலவும் இருக்கும். தவறான பிணைப்போடு செல்கள் அடுத்த முழத்தை நெய்துகொண்டிருக்கும். எல்லா ரத்தமும் புற்றுநோய் அல்ல. கல்லோ கிருமித்தொற்றோகூட இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவர், இளநீர் அல்ல. ஆரம்பத்தில் கண்டுகொண்டால் காப்பாற்ற நிறைய வழி இருக்கும் நோய் இது.

புதுச் சேலை முதல் தண்ணீரில் துளி சாயம் விட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்கிறோம். தண்ணீரில் கலந்த நிறத்தைப் பார்த்ததும் கிளம்பும் அந்தக் கால், இதற்கும் கிளம்பட்டும்.